வராதவர்களின் பட்டியல்: 2024–25 குளிர்காலத்தில் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியை ஓர் இரசிகர் குழு மதிப்பிட்ட விதம்

பின்னணி

ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்பால் அணி 2024–25 குளிர்காலத்தில் செய்த ஆட்சேர்ப்புகளையும் விடுவிப்புகளையும் ஐந்து இரசிகர்கள் சேர்ந்து எப்படி எடைபோட்டோம், அந்த எடையை நம்பி என்ன முடிவு எடுத்தோம், அடுத்த பத்து மாதங்களில் அந்த முடிவுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. அணியைப் பற்றி இங்கே கூறப்படுபவை எல்லோரும் அறிந்த செய்திகள். குழுவைப் பற்றிக் கூறப்படுபவை எங்கள் குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. குழுவினரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

குழுவில் நான், என் அண்ணர், அவருடைய மகள், என்னோடு வேலை செய்யும் இருவர் என ஐந்து பேர். ஸ்காபரோவிலும் மார்க்கமிலும் வசிக்கிறோம். அண்ணர் கனடாவுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், 1993 ஒக்டோபரில், ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னுடன் (கிரிக்கெட்டின் ஆறு ஓட்ட அடிபோலப் பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) புளூ ஜேய்ஸ் இரண்டாவது முறையாக, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. கிரிக்கெட் மட்டுமே தெரிந்திருந்த அவர் பேஸ்பால் பார்க்கத் தொடங்கியது அந்த இரவில்தான். எங்கள் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனவரும் அவரே.

ஒவ்வொரு பெப்ரவரியிலும் ஐவரும் பணம் போட்டு, பாதிப் பருவத்துக்கான இரண்டு இருக்கைகளை மேல் அடுக்கில் வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். யார் எந்த ஆட்டத்துக்குப் போவது என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிப்போம். இப்படி மொத்தமாக வாங்குபவர்களுக்கு, அணி இறுதிச்சுற்றுகளுக்குப் போனால் அந்த ஆட்டங்களுக்கான சீட்டுகளை மற்றவர்களுக்கு முன் வாங்கும் உரிமை கிடைக்கும். பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விவரம் தேவை.

அண்ணரிடம் 2015 முதல் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையான மாதங்களில் அணி செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அதில் ஒரு வரியாகும். திகதி, செய்தி, பத்துக்கு எத்தனை என்ற எங்கள் புள்ளி என மூன்றே கட்டங்கள். பெப்ரவரியில் இருக்கை வாங்குவதைப் பற்றிப் பேசும்போது அந்தக் குறிப்பேடு நடுவில் இருக்கும். இந்த நிகழ்வில் தவறு எங்கே தொடங்கியது என்று தேடியபோது, கடைசியில் அந்த மூன்று கட்டங்களிடம்தான் வந்து நின்றோம்.

அந்தக் குளிர்காலத்துக்குள் நாங்கள் கொண்டுவந்த மனநிலை

2024 பருவத்தை அணி 74 வெற்றி, 88 தோல்வி என்ற கணக்குடன், அமெரிக்க லீக் கிழக்குப் பிரிவின் ஐந்து அணிகளில் கடைசியாக முடித்தது. அடிப்பவர்களிடம் பலம் இல்லை. பருவம் முழுவதும் அணி அடித்தவை 156 ஹோம் ரன்கள்தாம். பிந்திய இன்னிங்ஸ்களில் பந்துவீச வருபவர்களான புல்பென் குழு, வட அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் மோசமான குழுக்களில் ஒன்றாக இருந்தது. அதற்கு முந்திய 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதிச்சுற்றுக்குப் போய் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பியிருந்தார்கள்.

இவற்றைவிட ஆழமாகப் பதிந்திருந்தது 2023 டிசம்பர் 8 ஆம் திகதி. உலகின் மிகச் சிறந்த பேஸ்பால் வீரரான ஷோஹெய் ஒஹ்டானி ரொறன்ரோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி அன்று பரவியது. விமானம் தரையிறங்கியபோது அதில் அவர் இல்லை. மறுநாள் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அணியுடன் 10 ஆண்டுகளுக்கு 700 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்துகொண்டதாக அவரே அறிவித்தார். அன்று பிற்பகல் நாங்கள் ஐந்து பேரும் வேலையை விட்டுவிட்டு ஒரு விமானத்தின் பாதையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காயம் ஓராண்டு கழித்தும் ஆறவில்லை என்பதையும், 2024–25 குளிர்காலத்தில் நாங்கள் இட்ட புள்ளிகளில் பாதியை அந்தக் காயமே இட்டது என்பதையும் இப்போது அறிவோம்.

இன்னொரு அச்சமும் இருந்தது. ஆறு ஆண்டுகள் மேஜர் லீக்கில் சேவை செய்த வீரர் எந்த அணியுடனும் பேசக்கூடிய சுதந்திர முகவர் ஆகிறார். அணியின் இரு தூண்களான விளாடிமிர் கெரேரோ ஜூனியரும் போ பிஷெட்டும் 2025 பருவத்தின் முடிவில் ஒன்றாக அந்த நிலையை அடையவிருந்தார்கள். ஆகையால், இருவரும் அணியில் இருக்கும்போதே ஒரு நல்ல அணியைக் கட்டுவதற்கு அதுவே கடைசிக் குளிர்காலமாகத் தோன்றியது.

கவனித்தவை: நவம்பர் முதல் பெப்ரவரி வரை

குறிப்பேட்டின் முதல் வரி நவம்பர் 22. கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் குளோசரான ஜோர்டன் ரொமானோவுக்கு அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் வழங்காமல் அணி அவரை விடுவித்தது. ரொமானோ மார்க்கமில் பிறந்தவர், எங்கள் ஊர்ப் பிள்ளை. 2022 இலும் 2023 இலும் தலா 36 ஆட்டங்களை முடித்துக்கொடுத்தவர். 2024 இல் முழங்கை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகிப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தார். எங்கள் புள்ளி 2. ஒரு முழங்கையைப் பற்றிய மருத்துவ மதிப்பீடு அணியிடம் இருந்திருக்கும், எங்களிடம் இல்லை என்ற எண்ணம் அப்போது எவருக்கும் எழவில்லை.

டிசம்பர் 8 ஆம் திகதி, அந்தக் குளிர்காலத்தின் பெரிய அடிப்பவரான ஹுவான் சோட்டோ நியூயோர்க் மெட்ஸுடன் 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டொலருக்கு இணங்கினார். கடைசி வரை போட்டியில் இருந்த அணிகளில் ரொறன்ரோவும் ஒன்று என்று செய்திகள் கூறின. ஒஹ்டானி இல்லையென்றான நாளுக்குச் சரியாக ஓராண்டு நிறைவில் இந்தச் செய்தி வந்தது. சோட்டோ எங்கள் அணிக்கு வராதவர். எனவே முறைப்படி குறிப்பேட்டில் அவருக்கு வரியே இருக்கக்கூடாது. ஆனால் வரி எழுதப்பட்டது, புள்ளி 0 இடப்பட்டது. தொடர்ந்து பந்துவீச்சாளர்களான மக்ஸ் ஃப்ரீட் யாங்கீஸுக்கும், கோர்பின் பேர்ன்ஸ் அரிசோனாவுக்கும் போனபோது அவர்களுக்கும் வரிகள் எழுதினோம். அந்தக் குளிர்காலத்தின் பக்கங்களை இப்போது எண்ணிப் பார்த்தால், வந்தவர்களைவிட வராதவர்களுக்கு எழுதிய சொற்களே அதிகம்.

டிசம்பர் 10 ஆம் திகதி கிளீவ்லாந்திலிருந்து இரண்டாம் பேஸ் காவலர் அண்ட்ரெஸ் ஹிமெனெஸ் கொண்டுவரப்பட்டார். அவருடன் நிக் சான்ட்லின் என்ற புல்பென் பந்துவீச்சாளரும் வந்தார். மாற்றாக ஸ்பென்சர் ஹொர்விட்ஸ் என்ற இளம் அடிப்பவரையும், நிக் மிட்செல் என்ற இன்னும் மேஜர் லீக்கை எட்டாத வீரரையும் கொடுத்தார்கள். தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் பெற்ற ஹிமெனெஸின் தடுப்பாட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருடைய மட்டைதான் எங்கள் தயக்கம். அடிக்கத் தெரிந்தவர் இல்லாத அணி, அடிக்கக்கூடிய ஒருவரைக் கொடுத்து, அடிப்பதில் தடுமாறும் ஒருவரை, அவரது நீண்ட ஒப்பந்தச் சுமையோடு வாங்குகிறது என்பது எங்கள் வாசிப்பு. புள்ளி 4.

ஜனவரி 10 ஆம் திகதி குளோசர் வேலைக்கு ஜெஃப் ஹொஃப்மன் 3 ஆண்டுகளுக்கு 33 மில்லியன் டொலருக்கு வந்தார். 2014 இல் இதே அணி தேர்ந்தெடுத்து, மறு ஆண்டு கொலராடோவுக்குக் கொடுத்தவர் அவர். வேறு அணிகள் மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அவரை எடுக்கத் தயங்கின என்ற செய்தியும் வந்தது. புள்ளி 5.

அடுத்து ஜனவரி 17. இந்த நாளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் முடிவை உண்மையில் தீர்மானித்த நாள் இதுவே. ஜப்பானிலிருந்து வரவிருந்த 23 வயதுப் பந்துவீச்சாளர் ரோக்கி சசாக்கிக்கு, வயதுக் கட்டுப்பாடு காரணமாக, எந்த அணியும் பெரும் தொகை கொடுக்க முடியாது. வெளிநாட்டு இளம் வீரர்களுக்கென ஒவ்வோர் அணிக்கும் ஒதுக்கப்பட்ட வரம்புக்குள்தான் கொடுக்கலாம். அந்த வரம்பை மற்ற அணிகளிடமிருந்து வாங்கிச் சேர்க்கலாம். அன்று ரொறன்ரோ, கிளீவ்லாந்திடமிருந்து 2 மில்லியன் டொலர் வரம்பைப் பெற்றது. அதோடு சேர்த்து, மட்டையால் சோபிக்காததால் முந்திய பருவத்தின் பெரும்பகுதியைக் கீழ்நிலை லீக்கில் கழித்திருந்த மைல்ஸ் ஸ்ட்ரோ என்ற வெளிக்களக்காரரையும் அவருடைய சம்பளத்தின் ஒரு பகுதியையும் ஏற்றுக்கொண்டது. அதே நாளில் சசாக்கி டொட்ஜர்ஸைத் தெரிவுசெய்தார். கையில் மிஞ்சியது ஸ்ட்ரோ. அன்று இரவு அண்ணர் தொலைபேசியில் ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் இருந்துவிட்டு வைத்துவிட்டார். குறிப்பேட்டில் புள்ளி 1.

மூன்று நாட்களின் பின் அந்தனி சன்டான்டேர் வந்தார். 2024 இல் பல்டிமோருக்காக 44 ஹோம் ரன்கள் அடித்தவர். 5 ஆண்டுகளுக்கு 92.5 மில்லியன் டொலர். புள்ளி 9. மாத இறுதியில், 40 வயதான பந்துவீச்சாளர் மக்ஸ் ஷேர்ஸர் ஓராண்டுக்கு 15.5 மில்லியன் டொலருக்கு வந்தார். அவருக்குப் புள்ளி 3.

கடைசியாக, கெரேரோ. பயிற்சி முகாமில் முழு அணியும் கூடும் முதல் நாளுக்குள் நீண்டகால ஒப்பந்தம் முடியாவிட்டால் பருவம் முடியும்வரை பேசமாட்டேன் என்று அவர் கூறியிருந்தார். பெப்ரவரி 18 ஆம் திகதி அந்தக் கெடு ஒப்பந்தமின்றிக் கடந்தது. புள்ளி 0.

குறிப்பேட்டில் இல்லாத ஒரு செய்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். 2024 பருவம் முடிந்த சில வாரங்களில் அணி தன் மட்டைப் பயிற்சியாளரை மாற்றியது. மினசோட்டா அணி விடுவித்திருந்த டேவிட் பொப்கின்ஸ் அந்தப் பொறுப்புக்கு வந்தார். செய்தி எங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதற்கு வரி எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, குறிப்பேட்டில் வீரர்களுக்குத்தான் இடம்.

எடுத்த முடிவும் அதற்கான காரணங்களும்

பெப்ரவரி இறுதி ஞாயிறு அண்ணர் வீட்டில் கூடினோம். புள்ளிகளைக் கூட்டினால் 2015 இலிருந்து எழுதிய பக்கங்களில் மிகக் குறைந்த சராசரி அதுதான். நான்கு பேர் இந்த ஆண்டு இருக்கைகள் வேண்டாம் என்றோம். நாங்கள் முன்வைத்த காரணங்கள் மூன்று. கடைசி இடத்தில் முடித்த ஓர் அணி ஒரேயொரு பெரிய அடிப்பவரைத் தவிர எவரையும் சேர்க்கவில்லை. கெரேரோ போகப்போகிறார் என்றால் ஜூலையில் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிடுவார்கள், அதன்பின் பார்க்க ஒன்றும் இராது. பெரிய வீரர் எவரும் இந்த நகருக்கு வர விரும்பவில்லை. மூன்றாவது காரணத்தைச் சொன்னவன் நான். வந்தேறிகளாக இந்த நகரத்தை எங்கள் ஊராக ஆக்கிக்கொண்ட எங்களுக்கு அது ஒரு விளையாட்டுச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்வது நேர்மையாகும். யாரோ ஒருவர் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போனதுபோல அதை எடுத்துக்கொண்டோம். அந்த உணர்வு உண்மையானது. ஆனால் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலான ஷோர்ட்ஸ்டொப் என்ற காவல் இடத்தில் யார் நிற்பார் என்ற கேள்விக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எதிர்த்தவர் என் பெறாமகள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிப்பவர். அவர் பெரிய வாதம் எதுவும் செய்யவில்லை. ஸ்ட்ரோவுக்கு இட்ட 1 என்ற புள்ளியைக் காட்டி, “வார்ஷோவுக்குத் தோள்மூட்டு ஒப்பரேஷன் செய்தது, ஏப்ரல் முடியும்வரை வரமாட்டார். அதுவரைக்கும் நடு வெளிக்களத்தில ஆர் நிக்கிறது, சித்தப்பா?” என்று மட்டும் கேட்டார். டோல்ட்டன் வார்ஷோ அந்த இடத்தின் முதன்மைக் காவலர். கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போனோம். நான்குக்கு ஒன்று என்று முடிவாயிற்று. இருக்கைகள் வாங்கவில்லை. விரும்பிய ஆட்டங்களுக்கு அவ்வப்போது தனிச்சீட்டு வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

பின் நடந்தவை

ஆறு வாரங்களில் முடிவின் இரண்டாவது காரணம் இல்லாமற்போனது. ஏப்ரல் தொடக்கத்தில் கெரேரோ 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தத்துக்கு இணங்கினார். மொன்றியலில் பிறந்த அவர் தன் விளையாட்டு வாழ்வு முழுவதையும் ரொறன்ரோவில் கழிக்கப் போகிறார் என்பது உறுதியானது. அந்த வாரமே நாங்கள் மறுபடி கூடியிருக்கலாம். மீதிப் பருவத்துக்கான இருக்கைகள் அப்போதும் கிடைத்தன. கூடவில்லை. அண்ணர் தன் பங்குப் பணத்தை வீட்டுக் கூரை வேலைக்கு ஒதுக்கிவிட்டார், மற்றவர்களுக்கும் செலவுகள் இருந்தன. அவற்றுக்கு அப்பால், ஒருமுறை கையெழுத்திட்ட முடிவை மறுபடி திறக்க ஒருவரும் முன்வரவில்லை.

மே மாதத்தின் பெரும்பகுதியில் அணியின் தோல்விகள் வெற்றிகளைவிட அதிகமாகவே இருந்தன. சன்டான்டேர் அடிக்கத் தடுமாறி, மே இறுதியில் தோள் காயத்துடன் காயப்பட்டோர் பட்டியலுக்குப் போனார். எங்கள் முடிவு சரியென்றே அப்போது பேசிக்கொண்டோம்.

ஜூன் இறுதியில் யாங்கீஸ் ரொறன்ரோவுக்கு வந்தது. நான்கு ஆட்டங்கள், நான்கிலும் புளூ ஜேய்ஸ் வெற்றி. ஜூலை 1, கனடா தினத்தன்று, ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் தனியொருவராக 7 ஓட்டங்களுக்குக் காரணமானார். 2024 இல் .220 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 220 வெற்றிகரமான அடிகள் என்ற கணக்கில்) அடித்த, 35 வயதான இவரை விடுவிக்க வேண்டும் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் நானே எழுதியிருந்தேன். அவர் 2025 ஐ .309 சராசரியுடனும் 32 ஹோம் ரன்களுடனும் முடித்தார். கனடா தின ஆட்டத்துக்கு எங்களில் ஒருவருக்கும் சீட்டு இல்லை.

பருவ முடிவில் 94 வெற்றி, 68 தோல்வி. யாங்கீஸும் அதே எண்ணிக்கையில் நின்றது. நேருக்கு நேர் ஆட்டங்களில் ரொறன்ரோ 8–5 என்று முன்னணியில் இருந்ததால் 2015 க்குப் பின் முதன்முறையாகப் பிரிவுப் பட்டம் கிடைத்தது. ஒரே ஆண்டில் 20 வெற்றிகள் கூடியிருந்தன. இறுதிச்சுற்றில் யாங்கீஸை மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள். சியாட்டில் மெரினர்ஸுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் முதல் இரண்டு ஆட்டங்களை இழந்தும், ஏழாவது ஆட்டத்தில் ஸ்பிரிங்கரின் மூன்று ஓட்ட ஹோம் ரன்னால் 4–3 என்று வென்றார்கள். 1993 க்குப் பின் முதன்முறையாக உலகத் தொடர் ரொறன்ரோவுக்கு வந்தது. எதிரே டொட்ஜர்ஸ், அதாவது ஒஹ்டானியும் சசாக்கியும்.

முன்னுரிமை இல்லாத எங்களுக்கு அந்த ஆட்டங்களின் சீட்டுகள் எட்டவில்லை. ஐவரில் ஒருவர் மட்டும், நண்பர் ஒருவரின் தயவில், யாங்கீஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தை மைதானத்தில் பார்த்தார். உலகத் தொடர் முழுவதையும் அண்ணர் வீட்டு நிலக்கீழ் அறையில் பார்த்தோம். 32 ஆண்டுகள் காத்திருந்த மனிதர், இருக்கைகள் இருந்திருந்தால் தன் மகளுடன் அங்கே இருந்திருப்பார் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நவம்பர் 1 ஆம் திகதி ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்திருக்க, இன்னும் இருவர் ஆட்டமிழந்தால் கிண்ணம் என்ற நிலையில், ஹொஃப்மனின் பந்தை மிகேல் ரொஹாஸ் ஹோம் ரன்னாக அடித்து ஆட்டத்தைச் சமன்செய்தார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன்னுடன் 5–4 என்று டொட்ஜர்ஸ் வென்றது.

குறிப்பேட்டின் மறுவாசிப்பு

நவம்பர் நடுப்பகுதியில், மனம் சற்று ஆறிய பின், வரி வரியாகத் திரும்பப் படித்தோம். விளைவை வைத்து முடிவை நியாயப்படுத்துவதோ பழிப்பதோ தவறு என்று பெறாமகள் தொடக்கத்திலேயே எச்சரித்தார். ஆகவே ஒவ்வொரு வரிக்கும், அன்று நமக்குத் தெரியக்கூடியதாக இருந்தது எது, அதைப் பார்த்தோமா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டோம்.

சன்டான்டேரில் எங்கள் தவறு பெரிதல்ல. 44 ஹோம் ரன் அடித்தவரை வரவேற்றது நியாயமே. 54 ஆட்டங்களில் .175 சராசரியும் 6 ஹோம் ரன்களும் என்று அவர் பருவம் சிதைந்ததற்குக் காயம் முக்கிய காரணம், அதை ஜனவரியில் எவரும் கண்டிருக்க முடியாது. ஆனால் 9 என்ற புள்ளி அவருடைய மட்டைக்கு இட்டது மட்டுமல்ல. மூன்று நாட்களுக்கு முன் சசாக்கியை இழந்த ஏக்கத்துக்கு ஆறுதலாக ஒரு பெயர் கிடைத்தது என்பதற்கும் அதில் ஒரு பங்கு இருந்தது.

ஹிமெனெஸ் வரியில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருந்தது. அவர் மட்டை பற்றிய எங்கள் தயக்கம் சரியாகவே முடிந்தது. .210 சராசரிதான் அடித்தார், பிட்ஸ்பர்க் அணிக்குச் சென்ற ஹொர்விட்ஸ் அவரைவிட நன்றாக அடித்தார். அப்படியிருந்தும் அந்த மாற்றம் அணிக்கு உதவியது. செப்டம்பர் தொடக்கத்தில் பிஷெட் முழங்கால் காயத்துடன் விலகியபோது அவருடைய ஷோர்ட்ஸ்டொப் இடத்துக்கு, தரம் குறையாமல், ஹிமெனெஸ் நகர்ந்தார். உலகத் தொடருக்குப் பிஷெட் திரும்பியபோதும் ஷோர்ட்ஸ்டொப்பில் ஹிமெனெஸே நின்றார், பிஷெட் இரண்டாம் பேஸுக்குப் போனார். சியாட்டிலில் நடந்த மூன்றாவது, நான்காவது ஆட்டங்களில் அவரே ஹோம் ரன்களும் அடித்தார், அதை நாங்கள் உபரியாகவே கணக்கிட்டோம். அவர் ஷோர்ட்ஸ்டொப்பிலும் விளையாடக்கூடியவர் என்பது டிசம்பரிலேயே எல்லோருக்கும் தெரிந்தது. பிஷெட் 2024 இல் காயங்களால் பாதிப் பருவத்தை இழந்தவர் என்பதும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் மூன்று கட்டங்களில் இடமில்லை. ஒரு வீரரைத் தனியே நிறுத்தி மதிப்பிட்டோம், அவர் எந்த இடைவெளிக்குள் பொருந்துகிறார் என்று பார்க்கவில்லை.

ஸ்ட்ரோவும் அவ்வாறே. ஏப்ரலில் வார்ஷோ இல்லாதபோது நடு வெளிக்களத்தில் ஓடித் திரிந்து பந்துகளைப் பிடித்தவர்களில் அவர் முதன்மையானவர். பருவம் முழுவதும் பிந்திய இன்னிங்ஸ்களில் முன்னிலையைக் காக்க அவரை இறக்கினார்கள். சசாக்கிக்காக வாங்கிய வரம்பு வீணானது என்பது உண்மை, அந்த விமர்சனத்தை இன்றும் திரும்பப் பெறமாட்டோம். ஆனால் ஒரே வரியில் இரண்டு செயல்களை எழுதி, ஒன்றின் தோல்விக்காக மற்றதற்கு 1 இட்டது எங்கள் தவறு.

ரொமானோவின் வரியைப் படிப்பது கடினமாயிருந்தது. பிலடெல்பியாவில் அவருடைய 2025 பருவம் ஒன்பது இன்னிங்ஸுக்கு 8.23 ஓட்டங்கள் விட்டுக்கொடுத்த ஓட்டச் சராசரியுடன் முடிந்தது. ஹொஃப்மனுடைய வரிக்கு எல்லோரும் ஒரே கருத்துக்கு வரவில்லை, இன்றும் வரவில்லை. 33 ஆட்டங்களை முடித்துக்கொடுத்தவர், சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்தவர், பருவம் முழுவதும் ஹோம் ரன்களைக் கொடுத்தவர், கடைசி இரவிலும் அதையே கொடுத்தவர். ஒரு பந்தை வைத்து அந்தச் சேர்ப்பைப் பிழையென்பது நியாயமல்ல என்பது என் கருத்து. அண்ணர் அந்த வரியைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்.

ஷேர்ஸருக்கு இட்ட 3 வழக்கமான பருவத்துக்குச் சரி, அவருடைய ஓட்டச் சராசரி 5 ஐத் தாண்டியது. ஆனால் சியாட்டிலில் நான்காவது ஆட்டத்தை வென்று தொடரைச் சமன்செய்தவரும், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. இத்தகைய ஓராண்டு ஒப்பந்தம் ஒக்டோபரை மனதில் வைத்துச் செய்யப்படுவது. நாங்களோ ஒக்டோபரே வராது என்று முன்கூட்டித் தீர்மானித்துவிட்டு அதற்குப் புள்ளி இட்டிருந்தோம்.

இனி, எழுதப்படாத வரி. 2025 இல் அணியின் மொத்த அடிச் சராசரி .265, மேஜர் லீக்கில் முதலிடம். மூன்று ஸ்ட்ரைக்குகளால் ஆட்டமிழப்பதான ஸ்ட்ரைக் அவுட் ஆகும் விகிதமோ முப்பது அணிகளிலும் குறைவு. ஸ்பிரிங்கர் மீண்டெழுந்தார், அடிசன் பார்ஜர் 21 ஹோம் ரன்கள் அடித்தார். முன்பு ஓக்லாண்ட் அணியால் விடுவிக்கப்பட்ட எர்னி கிளெமென்ட், ஓர் இறுதிச்சுற்றுக் காலத்தில் 30 ஹிட்கள் என்ற புதிய சாதனையைப் படைத்தார். இவர்கள் எல்லோரும் 2024 இல் கடைசி இடத்தில் முடித்த அதே அணியில் இருந்தவர்கள். இந்த மாற்றம் முழுவதையும் ஒரு பயிற்சியாளருக்கு உரிமையாக்குவது மிகையாகும். வீரர்களே உழைத்தார்கள், உடல் தேறினார்கள். ஆயினும் அந்தக் குளிர்காலத்தின் மிகப் பெரிய மாற்றம் பந்து எறிபவரோ அடிப்பவரோ அல்லாத ஒருவரின் வருகையாக இருந்திருக்கக்கூடும் என்பதையும், அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்கூட இல்லை என்பதையும் நாங்கள் மறைக்க முடியாது.

மாற்றிக்கொண்டவை

குறிப்பேட்டின் கட்டங்கள் இப்போது ஐந்து. புள்ளி என்ற கட்டம் எடுக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில், இந்த மாற்றம் எந்த இடைவெளியை நிரப்புகிறது, அந்த இடத்தில் அடுத்தவர் யார், எது நடந்தால் நம் கருத்து மாறும் என்ற மூன்று கட்டங்கள் வந்தன. வராதவர்களுக்கு வரி இல்லை. பயிற்சியாளர், மருத்துவர், கீழ்நிலை அணிகளிலிருந்து உயர்த்தப்படுவோர் ஆகியோருக்கு வரி உண்டு. இந்தக் கடைசி விதி ட்ரே யெசாவேஜை நினைத்துச் சேர்க்கப்பட்டது. செப்டம்பரில்தான் மேஜர் லீக்குக்கு வந்த அந்த 22 வயது இளைஞர், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவருடைய பெயரும் எங்கள் பக்கங்களில் இல்லை.

இருக்கைகளைப் பற்றிய பேச்சு குறிப்பேட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. அண்ணருக்கும் அவர் மகளுக்கும் இரண்டு இருக்கைகள், அணி எப்படி இருந்தாலும், ஒவ்வோர் ஆண்டும் வாங்கப்படும். மற்ற மூவரும் அதற்குப் பங்கு போடுவோம். ஒரு முடிவின் காரணங்களில் ஒன்று இல்லாமற்போனால் இரண்டு வாரங்களுக்குள் எல்லோரும் மறுபடி கூட வேண்டும் என்ற விதியையும் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம்.

புதிய முறையில் முதலில் எழுதப்பட்டது பந்துவீச்சாளர் டிலன் சீஸ், 2025 நவம்பர் இறுதி, 7 ஆண்டுகளுக்கு 210 மில்லியன் டொலர். அதை எழுத அரை மணி நேரம் ஆனது. அடுத்த ஜனவரியில் பிஷெட் 3 ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டொலருக்கு நியூயோர்க் மெட்ஸுடன் இணங்கினார். அண்ணர் பேனாவை எடுத்து நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பின்னர் இடைவெளி என்ற கட்டத்தில் ‘ஷோர்ட்ஸ்டொப்’ என்றும், அடுத்தவர் என்ற கட்டத்தில் ‘ஹிமெனெஸ்’ என்றும் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தை நிரப்பச் சொல்லிக் குறிப்பேட்டை மகளிடம் கொடுத்தார்.